'வரை' என்னும் மலை: புதிய கைப்பேசி அறிவிப்பை வாசிக்கும் முறை

புதிய கைப்பேசி ஒன்றின் அறிவிப்பு கண்ணில் பட்டால் அதை மேலிருந்து வாசிக்கத் தொடங்காதீர்கள். பக்கத்தின் அடிக்குச் சென்று, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் நட்சத்திரக் குறியிட்டு அச்சிட்டிருக்கும் அடிக்குறிப்புகளை முதலில் வாசியுங்கள். மேற்பகுதியை எழுதுபவர் விற்பனைப் பிரிவுக்காரர். அடிப்பகுதியைச் சரிபார்ப்பவர் அந்நிறுவனத்தின் வழக்கறிஞர். வழக்கு வந்துவிடுமோ என்ற கவலை இரண்டாமவருக்கே அதிகம் என்பதால், உண்மையும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும்.

அடுத்து ஒரு பேனாவை எடுத்து, 'புரட்சிகரமான', 'அதிநவீன', 'செயற்கை நுண்ணறிவால் இயங்கும்' போன்ற அடைமொழிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். பக்கத்தில் முக்கால் பங்கு மறைந்துபோகும். மிஞ்சுபவை சில எண்களும் அவற்றை ஒட்டிய சின்னஞ்சிறு சொற்களும். எண்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அந்த வேலையை ஒட்டுச் சொற்கள் பார்த்துக்கொள்ளும்.

அவற்றுள் தலையாயது 'வரை'. பழந்தமிழில் வரை என்றால் மலை. விளம்பரத்திலும் ஏறக்குறைய அதே பொருள்தான்: அவர்கள் காட்டுவது உச்சியை, நாம் குடியிருக்கப்போவது அடிவாரத்தில். '80 வாட் வரை விரைவு சார்ஜிங்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயனி பேட்டரி காலியாக இருக்கும்போது மின்னோட்டத்தைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். நிரம்ப நிரம்ப அது தாங்கும் அளவு குறைவதால், கைப்பேசி மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் பேருந்து வந்து நின்றதும் முதல் இருபது பேர் ஒரே நிமிடத்தில் ஏறிவிடுவதும், கடைசி இருவர் படிக்கட்டில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருப்பதும் போலத்தான் இது. ஆகவேதான் விளம்பரங்கள் 'பாதி சார்ஜ் இத்தனை நிமிடத்தில்' என்று பாதியோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் தேட வேண்டியது முழுதும் நிரம்ப ஆகும் நேரத்தை. அந்த 80 வாட் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் சொந்த சார்ஜருக்கும் கேபிளுக்கும் மட்டுமே கிடைக்கும் என்பதால், சார்ஜர் பெட்டிக்குள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2020-இல் ஐபோன் 12 வெளிவந்தபோது, சுற்றுச்சூழல் நலன் கருதி சார்ஜரை எடுத்துவிட்டதாக ஆப்பிள் அறிவித்தது. கேலி செய்த போட்டியாளர்கள் சிலருக்கும் பிறகு அதே சுற்றுச்சூழல் அக்கறை பிறந்துவிட்டது.

திரையின் ஒளியைச் சொல்லும் 'நிட்' கணக்கிலும் இதே மலைதான். பெரிய எழுத்தில் உள்ள உச்ச ஒளி, திரையின் ஒரு சிறு மூலை மட்டும் சில நொடிகள் மின்னும்போது அளக்கப்பட்டதாக இருக்கலாம். முழுத் திரையும் வெயிலில் எவ்வளவு ஒளிரும் என்ற எண் வேறு, அது சிறியது, அதுவே உங்களுக்கு வேண்டியது. கேமராவின் உருப்பெருக்கமும் அப்படியே. 2020-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவின் முதுகிலேயே '100எக்ஸ்' என்று பொறித்திருந்தார்கள். லென்ஸ் தன் வேலையை வெகு முன்பே முடித்துக்கொள்ளும். அதற்கு மேல் நடப்பது, எடுத்த படத்தின் ஒரு துண்டை வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸே செய்யும் உருப்பெருக்கத்தைக் குறிக்கும் 'ஆப்டிகல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கூட்டல் குறி. சென்ற ஆண்டு ஒரு கடையில் விற்பனையாளத் தம்பி ஒருவர் என்னிடம், "சார், இதுல எட்டும் எட்டும் பதினாறு ஜிபி ரேம் சார்" என்று மனக்கணக்கு போட்டுக் காட்டினார். கணக்கு சரி, பொருள்தான் வேறு. முதல் எட்டு உண்மையான ரேம், அதாவது கைப்பேசி வேலை செய்யும்போது கையருகே வைத்துக்கொள்ளும் நினைவகம். இரண்டாவது எட்டு, படங்களும் காணொளிகளும் சேமிக்கும் இடத்திலிருந்து கடன் வாங்கியது. அடுப்பு மேடையில் இருக்கும் பாத்திரத்தைக் கை நீட்டி எடுக்கலாம். பரணில் இருப்பதற்கு ஏணி வேண்டும். பரணையும் சேர்த்து 'என் அடுப்பு மேடை பதினாறு அடி' என்று யாரும் சொல்வதில்லை. நான் இதைச் சொன்னதும் தம்பி சிரித்துவிட்டு, "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லச் சொல்றாங்க" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, கூட்டல் குறிக்கு வலப்பக்கம் உள்ளதைக் கைவிரலால் மறைத்துவிட்டு மீதியை வாசிப்பதே.

மெகாபிக்சலுக்குத் தேவைப்படுவது கூட்டல் அல்ல, வகுத்தல். 108 மெகாபிக்சல் கேமரா, வழக்கமான முறையில், பிக்சல் என்னும் நுண்புள்ளிகளில் ஒன்பதை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. இது ஏமாற்று அன்று. குறைந்த வெளிச்சத்தில் படம் தெளிவாக வருவதற்கான நல்ல வழி. ஆனால் படம் சிறப்பாக வருவதற்கு ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் பரப்பும் லென்ஸும் மென்பொருளும் முக்கியம் என்பதால், 50-ஐ விட 108 இரு மடங்கு நல்லது என்று கணக்கிட வேண்டாம். மேலும், 'நான்கு கேமரா' என்றால் நான்கையும் தனித்தனியே எண்ணுங்கள். அவற்றில் ஒன்று 2 மெகாபிக்சலாக இருந்தால், அது பந்தியில் எண்ணிக்கைக்கு உட்கார்ந்திருப்பது.

விளம்பரத்தில் உள்ள மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது பின்னணியையும் பாருங்கள் என்பது என் பழைய அறிவுரை. 2012 செப்டம்பரில் நோக்கியா, லூமியா 920-இன் கேமரா அசைவைச் சமன் செய்யும் திறனைக் காட்ட ஒரு காணொளி வெளியிட்டது. ஒரு பெண் சைக்கிளில் செல்கிறாள். பக்கத்தில் சைக்கிளில் வரும் இளைஞன் அவளைக் கைப்பேசியில் படமெடுக்கிறான். படம் வெண்ணெய் போல வழுக்கிச் செல்கிறது. அவள் கடந்து செல்லும் வழியில் நின்ற ஒரு வண்டியின் கண்ணாடியில் மட்டும் இளைஞனைக் காணவில்லை. அங்கே தெரிந்தது ஒரு வெள்ளை வேன், அதற்குள் பெரிய கேமராவுடன் ஓர் ஆள். செய்தியாளர்கள் அந்தப் பிம்பத்தைக் கண்டுபிடித்ததும் நோக்கியா மன்னிப்புக் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கைப்பேசியின் கேமரா உண்மையிலேயே நல்ல கேமரா. 'உருவகப் படம்', 'சித்திரிப்புக்காக மட்டும்' என்ற சொற்கள் அடிக்குறிப்பில் இருந்தால், அந்தப் படத்தை நாள்காட்டியில் உள்ள அருவியைப் போல ரசித்துவிட்டுக் கடந்துவிடுங்கள்.

நீர்புகாத் தன்மையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் பணம் உண்மையாகவே தண்ணீரில் போகிறது. 'ஐபி68' என்ற தரக் குறியீட்டில் 6 தூசிக்கும் 8 நீருக்கும் உரிய எண்கள். நீருக்கு 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்று வரையறை உண்டு. 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தியாளரே குறிப்பிடுகிறார். ஆகவே இரண்டு கைப்பேசிகளின் ஐபி68 ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சோதனை நல்ல நீரில் நடப்பது. கடல் உப்பும் நீச்சல் குளத்துக் குளோரினும் சோப்பு நுரையும் அதில் சேரா. கடலிலும் குளத்திலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தைத் தந்த விளம்பரங்களுக்காக, சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளைக்கு அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-இல் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நீர் எதிர்ப்புத் திறனைப் பற்றிய விளம்பரத்துக்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஆப்பிளுக்கு விதித்த அபராதம் ஒரு கோடி யூரோ. எனவே நீங்கள் செய்ய வேண்டிய சோதனை எளிது: உத்தரவாத அட்டையில் நீரால் ஏற்படும் சேதத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கத்தில் கைப்பேசி நீந்தும். உத்தரவாத அட்டையிலோ அதற்கு நீச்சல் தெரியாது.

விலையில் 'முதல்' என்று இருந்தால் அது மிகக் குறைந்த சேமிப்பிடம் உள்ள வடிவத்தின் விலை. அதிலும் குறிப்பிட்ட வங்கி அட்டையின் சலுகையும் பழைய கைப்பேசிக்கு ஈடாகக் கழித்த தொகையும் சேர்ந்திருக்கலாம். சலுகைகளை நீக்கிய விலையை எழுதிக்கொண்டால் போதும்.

'விரைவில்' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை தர வேண்டும். மூன்று கருவிகளை ஒரே பலகையில் கம்பியின்றி சார்ஜ் செய்யும் ஏர்பவரை 2017 செப்டம்பரில் மேடையில் காட்டிய ஆப்பிள், 2019 மார்ச்சில் அதைக் கைவிட்டதாக அறிவித்தது. நம் நாட்டில் 2016 பிப்ரவரியில் நொய்டா நிறுவனம் ஒன்று 251 ரூபாய்க்கு 'ஃப்ரீடம் 251' என்ற ஸ்மார்ட்போனை அறிவித்தது. செய்தியாளர்களுக்குக் கொடுத்த மாதிரியில், வேறொரு நிறுவனத்தின் பெயர் எழுத்துத் திருத்தும் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்க்கும் பழக்கம் எந்தத் தொழில்நுட்ப அறிவையும் விடப் பயன்படும் நேரங்கள் உண்டு. விரைவில் வரும் வசதிக்காக இன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள். வந்தபின் கொடுத்தால் யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை.

மென்பொருள் புதுப்பிப்பு ஆண்டுகள் எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்பதையும் பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8 என்ற கைப்பேசிக்கு ஏழு ஆண்டு புதுப்பிப்பு தருவதாகக் கூகுள் உறுதியளித்தது என்றால், கணக்கு அந்த அக்டோபரிலிருந்து தொடங்குகிறது. இரண்டு ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்குபவருக்குக் கிடைப்பது ஐந்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் கைப்பேசிகளுக்கு ஆற்றல் லேபிள் கட்டாயம். பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஏற்றும் வரை 80 சதவீதத் திறனைத் தக்கவைக்கும், கீழே விழுந்தால் எப்படி, பழுதுபார்ப்பது எளிதா என்றெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் விரும்பும் மாடல் அங்கும் விற்கப்பட்டால் அந்த லேபிளைத் தேடிப் பாருங்கள். அதில் அடைமொழி ஒன்றுகூட இராது.

இவ்வளவும் முடிந்தபின், வாங்கும் முன் செய்ய வேண்டிய கடைசிக் காரியம் பழைய கைப்பேசியின் பேட்டரியைச் சோதிப்பது. மூப்படைந்த பேட்டரி கொண்ட ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததற்காக 2017 டிசம்பரில் மன்னிப்புக் கேட்ட ஆப்பிள், உத்தரவாதக் காலம் முடிந்த கைப்பேசிகளுக்கு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. கைப்பேசி கிழடாகிவிட்டது என்று நினைத்த பலருக்கு, கிழடானது பேட்டரி மட்டுமே என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னுடையதும் அப்படித்தான்: நான்காம் ஆண்டில் மதியத்துக்குள் அணைந்துபோய்க்கொண்டிருந்தது, புதிய பேட்டரி போட்டதும் இரவு வரை நிற்கிறது. பழுது பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர், கைப்பேசியோடு சேர்த்துப் புதிய மாடல் ஒன்றின் துண்டுப் பிரசுரத்தையும் கையில் திணித்தார். பேருந்தில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். நான்கு இடங்களில் 'வரை' இருந்தது.