ஐ.பி.எஸ். என்று முடிவுகட்டும் முன்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்றதும் "அப்படியென்றால் ஐ.பி.எஸ்.தான்" என்று சொல்லிவிடுவது முதல் தவறு. ஐ.பி.எஸ். என்பது, குடலில் புண்ணோ கட்டியோ தெரியாமலேயே வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் தொடரும் தொந்தரவு. இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது. அறிகுறிகளின் போக்கைக் கேட்டுத்தான் கண்டறிய வேண்டும். 2016இல் வெளியான ரோம் 4 என்ற சர்வதேச மருத்துவ அளவுகோலில் வயிற்றுவலி கட்டாயம்: கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரம் 1 நாளாவது வலி வந்திருக்க வேண்டும். மலம் கழிப்பதையொட்டி வலி கூடுவது அல்லது குறைவது, எத்தனை முறை போகிறது என்பது மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொந்தரவு ஆரம்பித்து 6 மாதமும் ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாத வெறும் ஏப்பத்துக்கும் உப்புசத்துக்கும் இந்தப் பெயர் பொருந்தாது.

அளவுகோல் பொருந்தினாலும் சில அறிகுறிகள் இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்: எடை குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய். மலத்தில் ரத்தம் தெரிந்தால் "மூலமாக இருக்கும்" என்று களிம்பு வாங்கிப் பூசுவதுதான் நம் ஊர் வழக்கம். அதற்கு முன் கொலோனோஸ்கோபி (பெருங்குடலைக் கேமராவால் பார்க்கும் பரிசோதனை) வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தியாவில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்குச் சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை அவசியம். கோதுமையை நிறுத்திவிட்டு இதை எடுத்தால் பொய்யாக நெகட்டிவ் வரலாம். மூன்று வேளையும் அரிசியே சாப்பிடுகிறவருக்கும் இதே சிக்கல்தான். குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்ட பிறகே ரத்தம் கொடுக்க வேண்டும். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. (ரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்பொருள்) அளவையும் பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்தால் நெகட்டிவ் முடிவை நம்ப முடியாது.

மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு குறைவு. ஆனால் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறவருக்கு அந்த மாத்திரையாலேயே அளவு ஏறும். மருந்துப் பட்டியலைக் கேட்காமல் விடுவதும் தவறுதான்: சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் வயிற்றுப்போக்கைத் தரலாம். பித்தப்பை எடுத்தவர்களுக்குப் பித்த அமிலத்தாலும் வரலாம்.

மலச்சிக்கல் வகையா, வயிற்றுப்போக்கு வகையா என்று ஐ.பி.எஸ்.ஸைப் பிரிக்கும்போது, மலமிளக்கியோ வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடோ எடுத்த நாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் கட்டி எடுக்கும் உணவு ஐ.ஜி.ஜி. பரிசோதனைகளால் (எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று பார்ப்பதாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகள்) இங்கே பயனில்லை.

50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக இப்படிப்பட்ட வயிற்றுத் தொந்தரவு ஆரம்பித்தால் சினைப்பைப் புற்றுநோயை நினைத்து சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்வார்கள். அந்த வயதில் ஐ.பி.எஸ். முதன்முறையாக வருவது அரிது.