ஒரு நுரையீரலை மட்டும் நிறுத்துவது எப்படி: இரட்டைக் குழாயா, பிளாக்கரா?

கோவை, ஈரோடு பக்கத்தில் மயக்கவியல் படிக்க வந்து, முதல் தடவையாக நெஞ்சு ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் பி.ஜி.க்களுக்காகவும் ஓ.டி. டெக்னீசியன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சீனியர் பக்கத்தில் இல்லாமல் யாரும் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் அவர் செய்யும்போது எதைப் பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு நின்றால் பாதி வேலை படிந்துவிடும்.

இந்தப் பகுதியில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. பெருந்துறை மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்துக்கே சானடோரியம் என்றுதான் பெயர். காசநோய்க்காரர்களை வைத்துப் பார்த்த இடம் அது. காசநோய் ஆறிய பிறகும் அது கெடுத்துவிட்டுப் போன நுரையீரலோடு இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள்: இருமினால் ரத்தம், சீழ் கட்டிய நெஞ்சு, பழைய குழிக்குள் வளர்ந்த பூஞ்சைக் கட்டி. அப்புறம் புற்றுநோய், ஹைடாடிட் கட்டி (நாடாப்புழுவால் வரும் நீர்க்கட்டி). இவற்றில் பலவற்றுக்கு, சர்ஜன் வேலை செய்யும் பக்கத்து நுரையீரலைச் சுருங்க வைத்துவிட்டு மற்றதில் மட்டும் மூச்சு ஓட்ட வேண்டியிருக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

'எந்தக் கருவி நல்லது?' என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் வேறு மாதிரி கேட்கச் சொல்வேன். நிறுத்தப்போகும் நுரையீரலுக்குள் என்ன இருக்கிறது? சீழோ ரத்தமோ இருந்தால் சுருக்குவது மட்டும் போதாது, அது நல்ல பக்கத்துக்கு வழியாமல் தடுக்க வேண்டும், உறிஞ்சி எடுக்கவும் வேண்டும். அங்கே இரட்டைக் குழாய்தான். உள்ளே ஒன்றும் இல்லை, சர்ஜனுக்கு இடம் மட்டும்தான் வேண்டும் என்றால் இரண்டில் எதுவும் சரிவரும். அப்போது நோயாளியின் வாயும் தொண்டையும் முடிவு செய்யட்டும்.

வித்தியாசம் இவ்வளவுதான். இரட்டைக் குழாய் என்பது ஒட்டிய இரண்டு குழாய்; ஒன்று மூச்சுக்குழலில் முடியும், மற்றது ஒரு பக்கத்து மூச்சுக்கிளைக்குள் போகும். தோட்டத்தில் ரெண்டு லைனுக்கும் தனித்தனி கேட் வால்வு வைத்த மாதிரி. எந்தப் பக்கத்தையும் எப்போது வேண்டுமானாலும் மூடலாம், திறக்கலாம், உறிஞ்சலாம். பிளாக்கர் அப்படி இல்லை. சாதாரண ஒற்றை டியூப் வழியாக ஒரு மெல்லிய குழலை உள்ளே விட்டு, அதன் முனையில் இருக்கும் பலூனை ஊதி ஒரு பக்கத்து மூச்சுக்கிளையை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை. அதன் நடுவில் இருக்கும் துளை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். காற்று மெதுவாக வெளியேறும். கெட்டியான சளி அதன் வழியே வராது.

இரட்டைக் குழாயை 1949-இல் சுவீடனின் கார்லென்ஸ் வெளியிட்டபோது அது ஆபரேஷனுக்காக இல்லை. இரண்டு நுரையீரலும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளப்பதற்காக. மூச்சுக்குழல் பிரியும் இடத்தில் மாட்டி நிற்க அதில் ஒரு கொக்கியும் இருந்தது. 1962-இல் ராபர்ட்ஷா கொக்கியை எடுத்துவிட்டு, துளைகளைப் பெரிதாக்கினார். இன்றைக்கு நம் கையில் இருக்கும் பிளாஸ்டிக் டியூப் அதன் வழி வந்ததுதான்.

படி 1: சி.டி.யை நீங்களே பாருங்கள்

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மூடி வைக்காதீர்கள். படத்தில் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடமான கரைனாவைக் கண்டுபிடித்து அங்கிருந்து இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள். இடது பெருங்கிளை ஏறக்குறைய 5 செ.மீ. போன பிறகுதான் மேல் மடலுக்குப் பிரியும். வலது பக்கம் ஒன்றரை, இரண்டு செ.மீ.யிலேயே பிரிந்துவிடும். சிலருக்கு இன்னும் மேலே. அபூர்வமாக மூச்சுக்குழலிலிருந்தே வலது மேல் மடலின் கிளை கிளம்பும். வலது பக்கத்தில் எதை வைத்தாலும் மேல் மடல் அடைபட வாய்ப்பு இருப்பது இதனால்தான்.

ஆகவே ஆபரேஷன் எந்தப் பக்கம் என்றாலும் பெரும்பாலும் இடது இரட்டைக் குழாயையே எடுக்கிறோம். இடது பெருங்கிளையிலேயே கட்டி, இடது நுரையீரலை முழுதாக எடுப்பது, அயோர்ட்டா (பெருந்தமனி) வீங்கி இடது கிளையை நெரிப்பது, இப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் வலது குழாய். அதன் நீலக் கஃபில் (மூச்சுக்கிளைக்குள் உட்காரும் பலூன்; இன்னொரு கஃப் மூச்சுக்குழலில் இருக்கும்) மேல் மடலுக்கென்று ஒரு தனித் துளை இருக்கும். அந்தத் துளையை மடலின் வாய்க்கு நேராக நிறுத்துவது கொஞ்சம் பொறுமை கேட்கிற வேலை.

படி 2: வாயைத் திறக்கச் சொல்லுங்கள்

இரட்டைக் குழாய்க்கும் பிளாக்கருக்கும் நம்பர் என்பது வெளிப்பருமனைச் சொல்லும் பிரெஞ்சு அளவு (3 நம்பர் ஒரு மி.மீ.), ஒற்றை டியூபுக்கு உள்விட்டம் மி.மீ.யில். 39 நம்பர் இரட்டைக் குழாயின் வெளிவிட்டம் 13 மி.மீ. நாம் தினமும் போடும் 8 நம்பர் ஒற்றை டியூபின் வெளிவிட்டம் 11 மி.மீ.க்குள்தான். பருமனாகவும் நீளமாகவும், வளைவாகவும் இருப்பதால் திறக்காத வாய்க்குள் இது போகாது. பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கப் பல வருஷமாகப் பாக்கும் புகையிலையும் அடக்கியவர். கன்னம் உள்ளே இறுகி, வாய் இரண்டு விரல்கூடத் திறக்கவில்லை. இவருக்கு இரட்டைக் குழாயை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இல்லை. விழித்திருக்கும்போதே ஸ்கோப் (மூச்சுக்குழலுக்குள் பார்க்கும் வளையும் பிரான்கோஸ்கோப்) வழியாக ஒற்றை டியூபைப் போட்டு, அதற்குள் பிளாக்கர். ஏற்கெனவே ட்ராக்கியாஸ்டமி (கழுத்தில் மூச்சுக்குழலுக்குத் துளை) இருப்பவருக்கும், வென்டிலேட்டரில் டியூபோடு வருபவருக்கும் இதே கணக்குதான்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வரி: இரட்டைக் குழாயில் மிகச் சிறியது 26 நம்பர், எட்டு வயதுக்கு மேல்தான் பொருந்தும். அதற்குக் கீழே 5 நம்பர் பிளாக்கர், அல்லது ஒற்றை டியூபையே ஒரு பக்கம் தள்ளி வைப்பது.

இந்தச் சமயத்தில் நோயாளியிடமும் பேசிவிடுங்கள். "ஏனுங் டாக்டர், ஒரு பக்கத்த நிறுத்துனா திரும்ப ஓடுமுங்களா?" என்று கேட்பார்கள். தறி ஓட்டுகிறவர் கேள்வி அப்படித்தான் வரும். "ஓடுமுங்கய்யா. மூடறதுக்கு முன்னாடி நாங்களே காத்து குடுத்து விரிச்சுப் பாத்துருவோம்" என்றால் போதும், முகம் தெளிந்துவிடும்.

படி 3: சைஸ்

பெண்களுக்கு 35 அல்லது 37, ஆண்களுக்கு 39 அல்லது 41 என்று புத்தகத்தில் இருக்கும். அந்த அளவுகள் உயரமான ஊர்க்காரர்களை வைத்து வந்தவை. நம் வார்டில் 150 செ.மீ. உயரத்தில் ஒரு அம்மா படுத்திருந்தால் 35-ஐ எடுத்துக்கொண்டு, 32-ஐயும் பிரிக்காமல் பக்கத்தில் வையுங்கள். 160 செ.மீ.க்குக் குறைவான ஆணுக்கு 37 பெரும்பாலும் போதும். ரொம்பச் சிறியதைப் போட்டால் அது ஆழமாக இறங்கிவிடும், கஃபுக்கும் அதிகக் காற்று தேவைப்படும். அது மூச்சுக்கிளைக்கு நல்லதல்ல.

ஸ்கோப்பையும் இப்போதே குழாய்க்குள் விட்டுப் பாருங்கள். சுமார் 4 மி.மீ. ஸ்கோப் 37-லும் அதற்கு மேலும் போகும். 35-லும் அதற்குக் கீழேயும் அது இறுகும், மெல்லியது வேண்டும். நோயாளி தூங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஓ.டி.யே ஓடும்.

படி 4: இரட்டைக் குழாயைப் போடுவது

இரண்டு கஃபையும் ஊதிச் சரிபார்த்து, ஜெல் தடவி, லேரிஞ்சோஸ்கோப்பில் குரல்நாண் தெரிந்ததும் வளைந்த முனை மேல்நோக்கி இருக்கும்படி உள்ளே விடுங்கள். பல்லில் கஃப் கிழிவது இந்த இடத்தில்தான். நீலக் கஃப் குரல்நாணைத் தாண்டியதும் ஸ்டைலெட்டை (குழாயை விறைப்பாக வைக்கும் உள்கம்பி) உருவச் சொல்லுங்கள். அதை உள்ளே வைத்தபடி இன்னும் தள்ளினால் மூச்சுக்குழல் கிழியலாம். பிறகு குழாயை இடப்பக்கமாக 90 டிகிரி திருப்பி மெதுவாக இறக்குங்கள். 170 செ.மீ. உயரத்துக்குப் பல் அருகே 29 செ.மீ.; ஒவ்வொரு 10 செ.மீ. உயர வித்தியாசத்துக்கும் 1 செ.மீ. கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். இது ஆரம்பக் கணக்கு மட்டும்தான். தடை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

மூச்சுக்குழல் கஃபை ஊதி, கேப்னோகிராஃபில் (வெளிவரும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலை வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் நீலக் கஃப். அதற்கு 1 முதல் 2 மி.லி. காற்று போதும், 3 மி.லி.யைத் தொட்டால் குழாய் இடம் மாறியிருக்கலாம் அல்லது சைஸ் தப்பு.

ஒவ்வொரு கிளையாகக் கிளாம்ப் செய்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதை விட வேண்டாம், ஆனால் அதை நம்பி நிற்கவும் வேண்டாம். காதுக்குச் சரியாகப்பட்ட குழாய் ஸ்கோப்பில் இடம் தப்பியிருப்பது சாதாரணம்.

படி 5: ஸ்கோப்பில் பார்ப்பது

என்னைக் கேட்டால் முழு நேரத்தையும் இங்கேதான் செலவழிக்க வேண்டும். கருவி எதுவானாலும் கண் பழகவில்லை என்றால் வேலை நடக்காது.

முதலில் மூச்சுக்குழல் பக்கத்துத் துளையில் ஸ்கோப்பை விடுங்கள். வெளியே வந்ததும் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று நிதானியுங்கள்: குருத்தெலும்பு வளையங்கள் தெரிவது முன்பக்கம், நீளவாக்கில் கோடு கோடாகத் தசை தெரிவது பின்பக்கம். எதிரே கத்தி முனை போல் கரைனா. அதன் இடப்பக்கத்தில் நீலக் கஃபின் மேல் விளிம்பு, கரைனாவுக்குச் சற்றுக் கீழே, லேசாக ஒரு பிறை மாதிரி தெரிய வேண்டும். நீலம் கரைனா மேல் ஏறிப் படர்ந்திருந்தால் குழாய் மேலே இருக்கிறது. நீலமே தெரியவில்லை என்றால் ஆழமாகப் போய்விட்டது.

இப்போது வலது பெருங்கிளைக்குள் கொஞ்சம் இறங்குங்கள். உடனே மேல் மடலின் வாய் வரும். அதற்குள் எட்டிப் பார்த்தால் மூன்று துளைகள், காரின் முகப்பில் இருக்கும் பென்ஸ் சின்னம் போலவே. நெஞ்சுக்குள் இப்படி ஒரு மூன்று துளை வேறெங்கும் இவ்வளவு மேலே வராது. அதைப் பார்த்துவிட்டால் இது வலதுதான் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். கடைசியாக நீலக் கிளை வழியாக இறங்கி, இடது மேல் மடலும் கீழ் மடலும் அடைபடாமல் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

சரி, முடிந்தது என்று நினைக்கும்போது நோயாளியைப் பக்கவாட்டில் திருப்புவார்கள். கழுத்து நிமிர்ந்தால் குழாய் ஒரு செ.மீ. அளவுக்கு மேலே ஏறலாம். திருப்பும்போது நீலக் கஃபின் காற்றை எடுத்துவிட்டு, திருப்பி முடித்ததும் இதே ஸ்கோப் வேலையை முதலிலிருந்து செய்யுங்கள்.

பிளாக்கர் என்றால்

8 நம்பர் டியூபைப் போட்டுவிட்டால் 9 நம்பர் பிளாக்கரும் ஸ்கோப்பும் சேர்ந்து போக இடம் இருக்கும். கூடவே வரும் பல வாய் கொண்ட கனெக்டரை மாட்டி, ஒரு வழியில் ஸ்கோப், ஒரு வழியில் பிளாக்கர். ஆர்ண்ட் வகையில் முனையில் ஒரு கம்பிக் கண்ணி இருக்கும்; அதை ஸ்கோப்பில் கோத்து, ஸ்கோப் போகும் இடத்துக்குக் கூட்டிப்போகலாம். கோஹன் வகையில் வெளியே ஒரு சக்கரம், திருகினால் முனை வளையும். யூனிபிளாக்கரின் முனை முன்பே வளைந்திருக்கும், சுழற்றினால் போதும். இ.இசட். பிளாக்கர் ஒய் வடிவத்தில் கரைனாவில் கவட்டை போட்டு உட்காரும். பழகுகிறவருக்கு யூனிபிளாக்கர் சுலபம் என்பது என் அபிப்பிராயம். விலை எதற்கும் குறைவில்லை. இரட்டைக் குழாயைவிட அதிகம் என்பதால் ஸ்டோரில் எது இருக்கிறது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

பலூனை ஊதும் முன் சில நிமிஷம் 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி நுரையீரல் தானாக அடங்கும் வரை ஒரு அரை நிமிஷம் விட்டு, ஸ்கோப்பில் பார்த்தபடியே 5 முதல் 8 மி.லி. ஊதுங்கள். இதைச் செய்தால் சுருங்குவது தாமதமாகும் என்ற குறை நிறையவே தீரும்.

பிளாக்கரில் பயப்பட வேண்டியது இரண்டு. சர்ஜன் நுரையீரலை இழுக்கும்போது பலூன் நழுவி மூச்சுக்குழலுக்கே வந்துவிடலாம். அழுத்தம் திடீரென்று ஏறும், கேப்னோகிராஃப் அலை விழும், இரண்டு பக்கமும் நின்றுவிடும். யோசிக்காமல் பலூன் காற்றை எடுங்கள், ஸ்கோப் அதற்கப்புறம். இன்னொன்று, சர்ஜன் மூச்சுக்கிளையை ஸ்டேப்ளர் போடும் முன் பிளாக்கரை வெளியே இழுத்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். முனையையும் சேர்த்துத் தைத்துவிட்ட சம்பவங்கள் உண்டு.

ஒற்றை நுரையீரல் ஓடும்போது

ஒரு மூச்சுக்கு 4 முதல் 6 மி.லி., உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும். பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் வைக்கும் அழுத்தம்) 5 செ.மீ. நீர் அளவு வரை. சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு) விழுந்தால் ஆக்ஸிஜனை முழுதாக்கி, உடனே ஸ்கோப்பை எடுங்கள். நிறையத் தடவை காரணம் குழாய் நகர்ந்ததுதான். இடம் சரியாக இருந்தால் ஓடும் நுரையீரலை விரித்துவிடுங்கள், சளி இருந்தால் உறிஞ்சுங்கள். அதற்கும் ஏறவில்லை என்றால் நின்ற நுரையீரலுக்கு லேசான அழுத்தத்தில் ஆக்ஸிஜன். இரட்டைக் குழாயில் இது எளிது. அதுவும் போதாதென்றால் சர்ஜனிடம் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். சொல்லத் தயங்கக் கூடாது.

முடிக்கும்போது

நின்ற நுரையீரலை மெதுவாக விரித்து, சர்ஜன் காற்றுக் கசிவு பார்க்கட்டும். நோயாளியை எழுப்பி டியூப் எடுக்கப்போகிறோம் என்றால் வேறு வேலை இல்லை. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் தொடரும் என்றால் பிளாக்கர்காரருக்குச் சௌகரியம்: பிளாக்கரை உருவினால் உள்ளே சாதாரண டியூப்தான். இரட்டைக் குழாயை மாற்ற வேண்டும். ஆனால் இத்தனை மணி நேரத்தில் தொண்டை வீங்கியிருக்கும். வீடியோ லேரிஞ்சோஸ்கோப்பும் நீளமான எக்ஸ்சேஞ்ச் கதீட்டரும் (பழைய டியூபை உருவி, அதன் மேலேயே புதியதை இறக்க உதவும் மெல்லிய குழல்) இல்லாமல் மாற்றத் தொடங்காதீர்கள். மாற்றுவது ஆபத்து என்று தோன்றினால் நீலக் கஃபைத் தளர்த்தி, குழாயை மூச்சுக்குழலுக்கு இழுத்து, அப்படியே அனுப்பலாம். அனுப்பும்போது எத்தனை செ.மீ.யில் இருக்கிறது, எந்தக் கஃபில் காற்று இருக்கிறது, நீளமான சக்ஷன் கதீட்டர்தான் உள்ளே எட்டும் என்பதை ஐ.சி.யூ. சிஸ்டரிடம் நேரில் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதிவிட்டு வாருங்கள்.