முரண்டு பிடிக்கும் இளங்குதிரையைப் பழக்க நல்ல யார்டு தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் புதிதாகக் குதிரை வாங்கிய நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "நாலு வயசுக் குதிரை. ஏறினால் துள்ளிக் கீழே தள்ளுகிறது. யாரிடம் அனுப்பலாம்?" நானும் வெல்ஷ் காப் இனக் குதிரை ஒன்றை வாங்கி இதே நிலையில் நின்றிருக்கிறேன். லாயம், மேய்ச்சல் நிலம், பயிற்சி மைதானம் எல்லாம் சேர்ந்த இடத்தை இங்கே யார்டு என்கிறார்கள். சில வாரங்கள் குதிரையை அங்கேயே விட்டுப் பழக்கி வாங்கலாம். ஆனால் யார்டு தேடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

படி 1: முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்

துள்ளல், உதை, கடி என்று நாம் திமிராக நினைப்பதில் பெரும்பகுதி வலிதான். கால்நடை மருத்துவரை வரவழைத்து முதுகையும் கால்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சூ டைசன் என்ற மருத்துவர் சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறந்துகொண்டே ஓடுவது போன்றவை. அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

பல்லை மறக்காதீர்கள். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுக்குள் குதிரைக்கு 24 பால்பற்கள் விழுந்து புதுப்பல் முளைக்கிறது. ஈறு நொந்திருக்கும் அந்த வயதில்தான் நாம் வாயில் கடிவாள இரும்பை வைக்கிறோம்! என் குதிரை தலையை உதறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைத்திருந்த ஒரு குட்டிப் பல். அதை எடுத்த பிறகு பாதிப் பிரச்சினை போய்விட்டது. அதுவரை அதை அதட்டியதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அப்புறம் சேணம். இளங்குதிரையின் முதுகு மாதத்துக்கு மாதம் மாறும். சேணத் தொழிலாளர்களின் சங்கமான சொசைட்டி ஆஃப் மாஸ்டர் சேட்லர்ஸில் தகுதி பெற்ற ஒருவரிடம் அளவு பார்த்துவிடுங்கள். வயிற்றுப்புண்ணைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். குதிரையின் வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரக்கும், அதனால் நெடுநேரம் புல் இல்லாமல் நின்றால் புண் வரும்.

படி 2: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

எப்போது முரண்டு பிடிக்கிறது, கடைசியாக யாரைத் தள்ளியது, என்ன தீனி, எத்தனை மணி நேரம் வெளியே விடுகிறீர்கள் என்று ஒரு பக்கம் போதும். வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் பழக்கம் இருந்தால் அதை மறைக்கவே கூடாது. ஏறப்போகிறவரின் உயிர் அதில் இருக்கிறது.

படி 3: பெயர்களைத் திரட்டுங்கள்

இங்கிலாந்தில் சவாரிப் பள்ளி நடத்த உள்ளாட்சி உரிமம் வேண்டும். ஆனால் அடுத்தவர் குதிரையைப் பழக்கித் தர அப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். எனவே பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் அங்கீகாரம் பெற்றவர்கள் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். இன்டெலிஜென்ட் ஹார்ஸ்மன்ஷிப் அமைப்பும் தான் பரிந்துரைக்கும் பயிற்சியாளர்களின் பட்டியலை வைத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், லாடம் அடிப்பவரிடம் விசாரிப்பதுதான் சிறந்த வழி. அவர் பல யார்டுகளுக்குள் போய் வருகிறவர். எந்த யார்டுக் குதிரைகள் காலைத் தூக்கினால் அமைதியாக நிற்கின்றன, எங்கே நடுங்குகின்றன என்று அவருக்குத் தெரியும்.

படி 4: போனில் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள்

நான் முதலில் பேசிய ஒருவர், குதிரையின் வயதைக்கூடக் கேட்காமல் "ஒரே வாரத்தில் சரிசெய்துவிடுகிறேன்" என்றார். அடுத்து பேசியவரோ பல் பார்த்தாயிற்றா, சேணம் யார் பார்த்தது, வீட்டில் யார் ஏறப்போகிறார்கள் என்று இருபது நிமிடம் விசாரித்தார். நான் குதிரையை அவரிடம்தான் அனுப்பினேன். பிரச்சினை இல்லாத குதிரையைச் சவாரிக்குத் தொடங்கிவைக்கவே பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பயந்துபோன குதிரைக்கு இன்னும் கூடும்.

படி 5: நேரில் போய், பயிற்சி நடப்பதைப் பாருங்கள்

இதை மட்டும் தவிர்க்கவே வேண்டாம். பார்க்க அனுமதிக்காத யார்டு உங்களுக்கு வேண்டாம். போனதும் லாயங்களின் பக்கம் மெதுவாக நடந்து பாருங்கள். ஆள் வந்தால் குதிரைகள் தலையை நீட்டி வருகின்றனவா, மூலைக்குப் போய் முதுகைக் காட்டுகின்றனவா? முன்னால் புல் இருக்கிறதா? தினமும் வெளியே மேய விடுகிறார்களா?

பயிற்சியில் பார்க்க வேண்டியது பயிற்சியாளரின் கையை. கயிற்றை இழுக்கிறார், குதிரை ஓர் அடி வைக்கிறது, அந்த நொடியே கை தளர வேண்டும். அந்தத் தளர்வில்தான் குதிரை பாடம் கற்கிறது. அடி வைத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், எது சரி என்று அதற்கு எப்படிப் புரியும்? தலையை மார்போடு இறுக்கிக் கட்டி வட்டமாக ஓடவிட்டு, களைத்து நிற்பதைப் பணிவு என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து உடனே கிளம்பிவிடுங்கள்.

படி 6: எழுத்தில் வாங்குங்கள்

வாரக் கட்டணத்தில் புல், படுக்கை வைக்கோல், தீனி அடங்குமா, லாடத்துக்கும் மருத்துவத்துக்கும் தனியா, யார் ஏறுவார்கள், வாரத்தில் எத்தனை நாள், அவசரத்தில் மருத்துவரை அழைக்க யார் முடிவெடுப்பது, எல்லாமே ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் குதிரைக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குதிரையோடு அதன் பாஸ்போர்ட்டும், அதாவது அடையாள ஆவணமும், போக வேண்டும், இது சட்டம். 2020 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் எல்லாக் குதிரைகளுக்கும் மைக்ரோசிப்பும் கட்டாயம். புதுக் குதிரையை இரண்டு மூன்று வாரம் தனியாக வைக்கும் யார்டு என்றால் சந்தோஷப்படுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோய் வேகமாகப் பரவும்.

படி 7: நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்

வாரம் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். கடைசி இரண்டு வாரம் பயிற்சியாளர் முன்னிலையில் நீங்களே ஏறிப் பழக வேண்டும். இதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம். அவர் சொல்லும் சைகை ஒன்று, நீங்கள் கொடுக்கும் சைகை வேறு என்றால் குதிரை குழம்பி மறுபடி துள்ளத் தொடங்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே ஏற வேண்டாம். இரண்டு மூன்று நாள் கையில் பிடித்து நடத்துங்கள். யார்டில் போட்ட அதே கடிவாளம், அதே சேணம். முதல் சவாரி பத்து நிமிடம் போதும். அது அமைதியாக இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.