பூனைக்கு முட்டி ஜவ்வு அறுந்தால்: ஆபரேஷனும் அதற்குப் பிறகான கூண்டு வாசமும்

பூனை பின்னங்காலை ஊன்றாமல் நொண்டுகிறது என்றால் பாவமாக இருக்கிறதே என்று பாராசிட்டமாலை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை அதன் உயிரை எடுத்துவிடலாம். நேரே கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

அவர் தொடை எலும்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளிப் பார்ப்பார். மேசை டிராயர் மாதிரி அது நழுவி வந்தால், முட்டிக்குள் இந்த இரண்டு எலும்பையும் பிணைக்கும் முன் குறுக்கு ஜவ்வு அறுந்திருக்கிறது. வலியில் பூனை காலை இறுக்கிக்கொள்ளும், அதனால் லேசாக மயக்கம் கொடுத்துப் பார்க்கிறேன் என்றால் சரி சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு முறிந்திருக்கிறதா, மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

உடனே ஆபரேஷனா? இந்த ஒரு ஜவ்வு மட்டும்தான் போயிருக்கிறது என்றால் அவசரமே இல்லை. சில வாரம் கூண்டில் அடைத்துவைத்து, குண்டாக இருந்தால் எடையையும் குறைத்தாலே பல பூனைகள் நன்றாக நடந்துவிடும். அப்படியும் நொண்டல் குறையவில்லை, அல்லது மாடியிலிருந்து விழுந்து பக்கவாட்டு ஜவ்வும் சேர்ந்து அறுந்து முட்டியே கழன்றாடுகிறது என்றால்தான் கத்தி.

வழக்கமாகச் செய்வது இதுதான்: மூட்டைத் திறந்து கிழிந்த துணுக்குகளை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் குருத்தெலும்பு வட்டும் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூட்டுக்கு வெளிப்பக்கமாகத் தடித்த நைலான் இழையை இழுத்துக் கட்டுவார்கள். தொடை எலும்புக்குப் பின்னாலுள்ள குட்டி எலும்பைச் சுற்றி வந்து கீழ்க்கால் எலும்பில் போட்ட துளை வழியாக அது போகும். இழை காலத்துக்கும் தாங்காது, அதற்குள் சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எலும்பை வெட்டித் தகடு பொருத்தும் முறையும் உண்டு, செலவு அதிகம்.

மயக்க மருந்துக்கு முன்னால் இதயத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதயத் தசை தடித்த பூனை வெளியே எதுவுமே காட்டாமல் இருக்கலாம்.

அப்புறம் 6 முதல் 8 வாரம் கூண்டு. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாதிரி காலர், உள்ளே விளிம்பு தாழ்வான மணல் தட்டு. மூன்றாவது வாரமே பூனை தேறிவிட்ட மாதிரி கத்திக் கூப்பாடு போடும், அதை நம்பி வெளியே விட்டால் நேரே ஃபிரிட்ஜ் மேல்தான் ஏறும். எடை குறைக்கிறேன் என்று பட்டினி போடவும் கூடாது, குண்டுப் பூனை சாப்பாட்டை நிறுத்தினால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். ஒரு நாள் முழுக்கத் தட்டில் வாய் வைக்கவில்லை என்றாலே டாக்டருக்குப் போன் போடுங்கள்.