நியூசிலாந்துக் காடுகளில் நஞ்சு இடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் காடுகளில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. உரோம வணிகத்துக்காக 1837 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, மரத்தில் வாழும் பைப்பாலூட்டியான போசம், முயல்களை ஒழிப்பதற்காக 1880களில் விடப்பட்ட, கீரியை ஒத்த ஸ்டோட், கப்பல்களில் வந்து இறங்கிய எலி ஆகியவையே இன்று அந்நாட்டுப் பறவைகளுக்குப் பெரும் பகை. இவற்றை அடக்க ஹெலிகாப்டரிலிருந்து தூவப்படும் ‘1080’ என்னும் நஞ்சைப் பற்றிய சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் கேடு பெரும்பாலும் நஞ்சை இடும் முறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அளவைக் கூட்டினால் பயன் கூடும் என்பது பழைய தவறு. தொடக்க காலத்தில் ஹெக்டேருக்கு 20, 30 கிலோ என்று நறுக்கிய கேரட்டைக் கொட்டினார்கள்; சலிக்காமல் விட்ட பொடித்துண்டுகளைத் தின்று ராபின் போன்ற சிறு பறவைகள் மடிந்தன. இப்போது பச்சைச் சாயமும் இலவங்கப்பட்டை மணமும் ஏற்றிய தானிய உருண்டைகள் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2 கிலோ அல்லது அதற்கும் குறைவாகவே தூவப்படுகின்றன.

செலவை மிச்சப்படுத்த முன்னூட்டத்தைக் கைவிடுவது இன்னொரு தவறு. நஞ்சில்லாத அதே உருண்டையை முதலில் தூவிப் பழக்காவிட்டால், விலங்கு ஐயத்துடன் சிறிதளவே கடித்து, நோயுற்றுப் பிழைத்து, அடுத்த முறை அந்த மணத்தையே அண்டாது. அப்படிப் பிழைத்த போசத்தை அதே இரையால் மீண்டும் ஏமாற்றுவது மிகக் கடினம்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, காட்டைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்ப்பது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்நாட்டுக் காட்டு மரமான பீச் (beech) மரங்கள் ஏராளமாக விதை சொரியும்போது எலிகள் பெருகுகின்றன, எலிகளைத் தின்று ஸ்டோட்டுகள் பெருகுகின்றன, விதை தீர்ந்ததும் இரண்டின் பசியும் பறவைக் கூடுகளின் பக்கம் திரும்புகிறது. விதை மிகுந்திருக்கும்போதே நஞ்சிட்டால் எஞ்சிய எலிகள் மறுபடி பெருகிவிடும். கூடு கட்டும் பருவம் கடந்த பின் இட்டாலோ காக்க வேண்டிய குஞ்சுகளே மிஞ்சியிரா. ஸ்டோட் தானிய உருண்டையைத் தொடாது, நஞ்சுண்ட எலியைத் தின்றே சாகும் என்பதால், எலி பெருகியிருக்கும் வேளையில் இடுவதில் இரட்டைப் பயன் உண்டு. மழைக்கு முன்னால் தூவுவது வீண். உருண்டை நனைந்து நஞ்சு கரைந்துவிடும்.

எல்லா நஞ்சும் ஒன்றே என்று எண்ணுவதும் கூடாது. 1080ஐ மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். புரோடிஃபாகூம் என்னும் எலிக்கொல்லி நஞ்சோ, உண்ட விலங்கின் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கி, அதைத் தின்னும் உயிர்களுக்கும் பரவும். ஆயினும் 1080 இட்ட காட்டில் செத்த போசத்தின் உடல் அழுகி மறையும் வரை நாயை உள்ளே விடக் கூடாது, ஏனெனில் நாய்க்கு அது மிகக் கொடிது, முறிமருந்தும் கிடையாது. மனிதர் வீசும் தின்பண்டத்துக்குப் பழகிய கீயா கிளிகள் புதிய பொருள் எதையும் கொத்திப் பார்க்கும் என்பதால், அத்தகைய இடங்களில் நஞ்சிடும் முன் தின்பண்டம் வீசும் பழக்கத்தை நிறுத்தியாக வேண்டும்.