அலியா, லூயிஸா, டைசனா: எங்க சலூனில் வழக்காடும் முறை

வேலூர் லாங்கு பஜாரிலிருந்து ரெண்டு சந்து உள்ளே தள்ளி என் சலூன். மூணு நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த பெஞ்சில் இடம் கிடைக்காது. பாதிப்பேர் முடி வெட்ட வருகிறவர்கள். மீதிப்பேர், உலகத்திலேயே பெரிய ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன் யார் என்று சண்டை போட வருகிறவர்கள். முப்பது வருஷமாக இந்தச் சண்டைக்கு நான்தான் ரெஃப்ரி. ஒருத்தர் பாதிச் சவரத்தோடு எழுந்து போய், மறுநாள்தான் மீதிக்கு வந்தார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதற்கும் ஒரு முறை இருக்கிறது.

முதல் சட்டம் என் தொழில் சம்பந்தப்பட்டது. கத்தி கழுத்துக்கு வரும்போது எவனும் வாயைத் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் நானும் என் கட்சியைப் பேச மாட்டேன். பேசினால் எதிராளி மறுக்க முடியாது, அது நியாயமில்லை.

அடுத்து, கேள்வியைச் சரி பண்ணுங்கள். "யார் பெரியவன்?" என்று எவனாவது ஆரம்பித்தால், "இன்னாபா கேக்கற நீ?" என்று திருப்பிக் கேளுங்கள். ரெண்டு பேரும் ஒரே ரிங்கில் ஏறினால் யார் ஜெயிப்பான் என்பது ஒரு கேள்வி. மொத்தக் கணக்கில் யார் அதிகம் சாதித்தான் என்பது வேறு. ஒரே ஒரு ராத்திரி யார் உச்சத்தில் இருந்தான் என்பது மூணாவது. எங்கள் கடையில் கறிக்கடை பாய் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், ரிட்டையர் ஆன வாத்தியார் இரண்டாவதற்குச் சொல்வார். தொண்டை கிழிய ஒரு மணி நேரம் கத்தியபிறகுதான் தெரியும், ரெண்டு பேரும் வேற வேற வழக்கு நடத்தியிருக்கிறார்கள்.

பேரைச் சொல்லும்போது வருஷத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலி என்றால் எந்த அலி? 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூணே ரவுண்டில் முடித்த அலி, கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனிடம் அடி வாங்கி, எட்டாவது ரவுண்டில் அவனைச் சாய்த்த அலி வேறு ஆள். நடுவில் ராணுவத்தில் சேர மறுத்ததற்காக மூன்றரை வருஷம் சண்டையே இல்லை, அந்தக் கால்கள் அப்படியே திரும்பி வரவில்லை. 1980-ல் ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு வாங்கிய அலியையும் இதே பேரில்தான் கூப்பிடுகிறோம். எதிராளி எந்த வருஷத்து அலியைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று பார்க்காமல் வாதத்தில் இறங்காதீர்கள்.

இப்போது ரவுண்டு கணக்கு. வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றால் இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. இன்றைக்குப் பட்டச் சண்டை 12 ரவுண்டு. 1980-களின் தொடக்கம் வரை 15. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் லைட்வெயிட் சண்டையில் கொரியாவின் டுக் கூ கிம் 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். அதன்பிறகு பட்டம் கொடுக்கும் அமைப்புகள் ஒவ்வொன்றாக 12-க்கு இறங்கின. இன்னும் பின்னால் போனால், 1910-ல் ரீனோவில் ஜாக் ஜான்சனும் ஜெஃப்ரீஸும் மோதியது 45 ரவுண்டுக்குப் பேசிய சண்டை, 15-ல் முடிந்தது.

இதை வைத்து என்ன செய்வது? ராக்கி மார்சியானோவை எடுங்கள். 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக்அவுட். வாத்தியார் இதைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். 1952-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தவர் மார்சியானோ. 12 ரவுண்டு முடிந்தபோது பாயின்ட் போட்ட மூணு பேர் கணக்கிலும் வால்காட்தான் முன்னால். 13-வது ரவுண்டில் ஒரே ஒரு வலது கை, கதை முடிந்தது. இன்றைய சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் 49-0 என்ற எண்ணே கிடையாது. ஜோ லூயிஸுக்கும் இப்படி ஒரு ராத்திரி உண்டு. 1941-ல் அவரைவிட எடை ரொம்பக் குறைந்த பில்லி கான் கணக்கில் முந்திக்கொண்டிருந்தார். பாயின்ட்டிலேயே ஜெயிக்கலாம் என்று ஓட்டாமல் நாக்அவுட்டுக்குப் போனார், அதே 13-வது ரவுண்டில் விழுந்தார். வாத்தியாரிடம் முதல் தடவை இதைச் சொன்னபோது டீ ஆறுகிற வரைக்கும் பேசவில்லை. அப்புறம், "அப்ப 12 ரவுண்டுன்னு தெரிஞ்சா மார்சியானோ முன்னாடியே வேகத்தைக் கூட்டியிருப்பாரு" என்றார். நல்ல பதில். என்னிடம் மறுப்பு இல்லை.

எடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்சியானோ சுமார் 85 கிலோ. இன்றைக்கு ஹெவிவெயிட்டைவிட எடை குறைந்த பிரிவான க்ரூஸர்வெயிட்டின் மேல் எல்லையே 90.7 கிலோ, அதாவது அவர் ஹெவிவெயிட்டில் நிற்கவே வேண்டியதில்லை. டைசன் ஃப்யூரி ஆறு அடி ஒன்பது அங்குலம், 119 கிலோ. ஆனால் பெரிய உடம்புதான் ஜெயிக்கும் என்பவனுக்கு உசிக் ஒருத்தர் போதும். ஃப்யூரியைவிடப் பதினெட்டு கிலோ குறைவான அந்த உக்ரைன்காரர் 2024-ல் ரியாத்தில் அவரை ரெண்டு தடவை தோற்கடித்தார்.

அந்த முதல் சண்டை நமக்கு ஞாயிறு விடியற்காலை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆறு பேர் பார்த்தோம். ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி தள்ளாடிக் கயிற்றில் விழ, ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார். பாய்க்குக் கோபம். "கீழயே வுழல, இன்னாத்துக்கு எண்றான்?" பாயின்ட் போட்ட மூணு பேர் முடிவு 115-112, 114-113 உசிக்குக்கு, 114-113 ஃப்யூரிக்கு. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, விழுந்து எண்ணப்பட்டால் 8. ஆக, எண்ணினால் அந்த ரவுண்டு 10-8, எண்ணாவிட்டால் 10-9. அந்த ஒரு பாயின்ட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஒருவர் கணக்கு சமமாகிவிடும், சண்டை டிரா. எனவே பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நீங்களே பாயின்ட் போடுங்கள். டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது, வர்ணனையாளர் நம் கண்ணைப் பிடித்து இழுக்க மாட்டார்.

ஒரு குறுக்குக் கணக்கை மட்டும் யாரையும் போட விடாதீர்கள். காட்பாடியில் எஞ்சினியரிங் படிக்கிற தம்பி ஒருத்தன் போட்டான். ஃப்ரேஸியர் 1971-ல் அலியை ஜெயித்தார். ஃபோர்மன் 1973-ல் கிங்ஸ்டனில் அதே ஃப்ரேஸியரை ரெண்டு ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார். அலியின் தாடையை உடைத்த நார்ட்டனையும் ஃபோர்மன் ரெண்டு ரவுண்டில் முடித்தார். "அப்போ ஃபோர்மன் அலியைப் பிச்சிருக்கணுமே, அண்ணே?" எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், தம்பி. கின்ஷாசாவில் என்ன நடந்தது என்பதுதான் உனக்குத் தெரியுமே. ஒருத்தன் பாணி இன்னொருத்தனுக்கு விஷம், வேறொருத்தனுக்குப் பாயசம்.

மைக் டைசன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் முப்பது நொடித் துண்டு பார்த்து வளர்ந்த பையன்கள் எல்லாம் டைசன் கட்சி. 20 வயதில் பட்டம், 1988-ல் ஸ்பிங்ஸை 91 நொடியில் முடித்தது, எல்லாம் உண்மை. நான் கேட்பது ஒன்றுதான்: தோற்றபிறகு என்ன செய்தான்? ஜோ லூயிஸ் 1936-ல் ஷ்மெலிங்கிடம் 12-வது ரவுண்டில் விழுந்தார், 1938-ல் 124 நொடியில் கணக்கைத் தீர்த்தார். லெனாக்ஸ் லூயிஸை மெக்காலும் ரஹ்மானும் வீழ்த்தினார்கள், ரெண்டு பேரையும் அவர் திரும்பக் கூப்பிட்டு அடித்தார். அலி ஃப்ரேஸியரையும் நார்ட்டனையும் ரெண்டு ரெண்டு தடவை திருப்பி ஜெயித்தார். டைசன் 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றார், அந்தக் கணக்கு தீரவே இல்லை. ஹோலிஃபீல்டிடம் 1996-ல் தோற்று, 1997-ல் திரும்பப் போனபோது காதைக் கடித்தார். "டக்ளஸ் உடனே ஹோலிஃபீல்டுகிட்ட தோத்துட்டான், அப்புறம் இவன் ஜெயிலுக்குப் பூட்டான், எங்க போயி அடிப்பான்?" என்பார் பாய். அதுவும் சரிதான். ஆனாலும் என் பட்டியலில் டைசன் முதல் ஐந்தில் இல்லை.

சண்டைகளில் எது பெரியது என்று கேட்டால் 1975 மணிலா. வேலூர்க்காரனுக்கு அதை விளக்கவே வேண்டாம். அமெரிக்க டிவிக்காகக் காலை பத்தே முக்காலுக்கு ஆரம்பித்த சண்டை, அலுமினியக் கூரை, உள்ளே ஆயிரக்கணக்கான ஆட்கள். அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கல்யாணச் சாப்பாடு பரிமாறியவனுக்குத் தெரியும் அந்தப் புழுக்கம். அதில் 14 ரவுண்டு. ஃப்ரேஸியருக்குக் கண் மூடிவிட்டது, 15-வதுக்குப் போக விடாமல் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் நிறுத்தினார். முழுச் சண்டையும் பார்க்காதவன் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கடைச் சட்டம்.

கடைசியாக, நேரில் பார்த்தவர்களை எப்படிச் சமாளிப்பது. மூணாவது நாற்காலியில் எப்போதும் எங்க நைனா உட்கார்ந்திருப்பார். 1980-ல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது, காட்பாடியில் ரயிலேறிப் போய்ப் பார்த்தவர். எம்.ஜி.ஆர். வந்திருந்தார். ஆக, நைனாவுக்கு ஒரே ஸ்டேடியத்தில் ரெண்டு வாத்தியார். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் உட்கார்ந்தது கடைசி வரிசை, இப்போது ரிங்குக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். அலிக்கு அப்போது 38 வயது, அது நிஜச் சண்டையும் இல்லை, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இதை நைனாவிடம் சொல்லாதீர்கள். "எப்படி இருந்தாரு?" என்று மட்டும் கேளுங்கள்.

போன மாசம் காட்பாடித் தம்பி கேட்டான், "தாத்தா, ஜாப் எப்படிப் போட்டாரு?" நைனா எழுந்தார். இடது கால் முன்னால், வலது குதிகால் லேசாகத் தூக்கி, கண்ணாடியைப் பார்த்து ஒரு இடது கை விட்டார். முடிக்குத் தண்ணி தெளிக்கிற பாட்டில் அலமாரியிலிருந்து பறந்து தரையில் உருண்டது. பாய் குனிந்து விரலைக் காட்டி எண்ண ஆரம்பித்தார். எட்டில் நான் எடுத்து நிறுத்தி வைத்தேன்.