லிபரலாக வாழத் தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், தனிமனித சுதந்திரத்துக்காக எழுதிய ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். வீட்டுக்குப் போனதும், நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குகிறார்கள். சாதி பார்ப்பது, மருமகளின் சம்பளத்தை விசாரிப்பது மாதிரி ஊரறிந்த தப்புகளை விட்டுவிடுகிறேன்.

‘உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வட்டத்துக்கு வரும் ஒருவர் தனிமனித உரிமை பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவருடைய அம்மாவுக்கு எழுபது வயது. சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் நான்கறை வீட்டில் தனியாக இருக்கிறார். அதை விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்சி வீடு ஒன்றைக் குறுகிய காலக் குத்தகையில் வாங்க ஆசைப்பட்டார். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 2015 முதல் தரும் வசதி இது. 15 முதல் 45 ஆண்டு வரை குத்தகை எடுக்கலாம், 95 வயது வரையாவது அது தாங்க வேண்டும். அம்மா 25 ஆண்டு போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். கூட்டிப் பெருக்கச் சின்ன வீடு, கையில் கொஞ்சம் ரொக்கம், வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் பயணம்.

மகன் ‘உங்க இஷ்டம்மா’ என்றார். அடுத்த ஞாயிறு பேரப்பிள்ளைகளுக்கு டியூஷன் வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறும் டியூஷன். போன் செய்தால் ‘ம்’, ‘சரி’. குறுகிய குத்தகை வீட்டைப் பிறகு வெளிச்சந்தையில் விற்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். முழங்கால் வலியோடு மூன்று படுக்கையறையைக் கூட்டுகிறார். மகனைக் கேட்டால், ‘நான் தடுக்கவே இல்லையே’ என்கிறார்.

1859-இலேயே மில் இந்த ஓட்டையை அடைத்துவிட்டார். ஒருவருடைய சொந்த முடிவு நமக்குத் தவறாகப் பட்டால் எடுத்துச் சொல்லலாம், வாதாடலாம், கெஞ்சலாம். பிறருக்குத் தீங்கு இல்லாதவரை வற்புறுத்தக் கூடாது, கேட்காததற்காகத் தண்டிக்கவும் கூடாது. பேரப்பிள்ளைகளைக் கண்ணில் காட்டாமல் இருப்பது தண்டனை இல்லாமல் வேறென்ன? ‘ஒருவரிடமிருந்து விலகியிருக்க எனக்கும் உரிமை உண்டே’ என்பார்கள். உண்டு, மில்லும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஆளை வழிக்குக் கொண்டுவருவதற்கென்றே விலகுவது வேறு கணக்கு. ‘அந்த வீட்டை நம்பியிருந்தேன்மா’ என்று நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அதற்கு அம்மாவால் பதில் சொல்ல முடியும். டியூஷனுக்கு என்ன பதில் சொல்வார்?

பிடிக்காததையெல்லாம் பாதிப்பு என்பது

சீனர்களின் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்காகக் கீழே காகிதம் எரிகிறது. சாம்பல் உங்கள் துணியில் வந்து விழுந்தால் பாதிப்பு. சடங்கே பிடிக்கவில்லையென்றால் அது உங்கள் ரசனை. எதுவானாலும் படமெடுத்து நகர மன்றத்துக்கு அனுப்புமுன் ஆளைப் பார்த்துப் பேசுங்கள். ஒத்துவராவிட்டால் அக்கம்பக்கச் சச்சரவுக்குச் சமரசம் பேசிவைக்க 1998 முதல் அரசு நிலையமே இருக்கிறது. நம் வீட்டுச் சாம்பிராணிப் புகையும் காரிடாரில்தான் போகிறது.

தீபாவளி விருந்தில் பெரியப்பாவைத் திருத்துவது

வேண்டாம்.

பணிப்பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை

எங்கே, யாரோடு என்று துருவாதீர்கள். வார ஓய்வு நாள் 2013-இலேயே சட்டமாகிவிட்டது, நீங்களாகப் பார்த்துக் கொடுப்பதல்ல.